மணலியிலிருந்து ஐதராபாத்துக்கு லோடு: வருட ரேட்டா, மார்க்கெட் வண்டியா?

மணலி பேரல் கேட்டது:

வணக்கம். மணலி புதுநகர் பக்கம் சிறிய யூனிட் ஒன்று நடத்துகிறேன். 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல்தான் எங்கள் சரக்கு. வாங்குவது பெரும்பாலும் ஐதராபாத் கெமிக்கல் கம்பெனிகள், ஜீடிமெட்லா, பட்டான்செரு பக்கம். காலி பேரல் என்பதால் எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். அதனால் 32 அடி கன்டெய்னர் லாரியில் அனுப்புகிறோம்.

இதுவரை ஒரே டிரான்ஸ்போர்ட்காரரிடம் வருட ரேட் பேசி ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த முறை ரேட்டை ஏற்றிக் கேட்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அதிலிருந்து காலையில் வரவேண்டிய வண்டி இரவு வருகிறது, சில நாள் வருவதே இல்லை. கேட்டால் "வண்டி கிடைக்கவில்லை சார்" என்று ஒரே பதில்.

சரி, மார்க்கெட்டில் பார்ப்போம் என்று மாதவரம் லாரி நிலையத்தில் சில புக்கிங் ஆபீஸ்களில் விசாரித்தேன். ஆளுக்கு ஒரு ரேட். ஒருவர் என் வருட ரேட்டைவிட நன்றாகவே குறைத்துச் சொன்னார். மறுநாள் அவரிடமே கேட்டால் வருட ரேட்டைத் தாண்டிப் போகிறார். இதில் எது உண்மையான ரேட்?

இதற்கு நடுவில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த புரோக்கர் எல்லோரையும்விடக் குறைவாகச் சொல்கிறார். ஆனால் லோடு ஏறியதும் 90 சதவீதம் அவர் கணக்குக்கே அனுப்ப வேண்டுமாம். ஜி.எஸ்.டி. விஷயத்திலும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

எங்களிடம் கிடங்கு என்று தனியாக இல்லை. பேரல் வெளியே போகாவிட்டால் மெஷினை நிறுத்த வேண்டியதுதான், ஆட்களுக்கு வேலை இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்குன்றம் கன்டெய்னர் எழுதியது:

சார், நான் வண்டிக்காரன். சிங்கிள் ஆக்சில் 32 அடி இரண்டு வைத்திருக்கிறேன். ஐதராபாத் எனக்குப் பழகிய ரூட். வண்டி வைத்திருப்பவன் கணக்கை நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால், உங்களுக்கு ஏன் வண்டி வருவதில்லை என்பது புரிந்துவிடும்.

மணலியிலிருந்து ஜீடிமெட்லா 640 கிலோமீட்டர் என்று வையுங்கள். தடா, நெல்லூர், ஓங்கோல் போய் அதன் பிறகு அத்தங்கி, நார்கட்பள்ளி வழி. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 128 லிட்டர். டீசலை 92 ரூபாய் என்று போட்டாலும் 11,776 ரூபாய். இது போகிற டீசல் மட்டும். இதன்மேல் நல்லூரில் ஆரம்பித்து வழியெல்லாம் டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம். மாதம் பிறந்தால் வண்டிக் கடன் டியூ. இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) தனி. திரும்பி வர லோடு கிடைக்கவில்லை என்றால் அந்த டீசல் காசு இன்னொரு தடவை கையிலிருந்து போகும்.

இத்தனையும் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது காத்திருப்பு. காலி பேரல் லோடு என்றால் டிரைவர்களுக்குப் பிடிக்கும். டயருக்கு நல்லது, ஏற்றத்தில் வண்டி திணறாது. ஆனால் கெமிக்கல் கம்பெனி கேட்டில் போய் நின்றால், "இன்றைக்கு ஸ்டோர்ஸில் ஆள் இல்லை" என்பார்கள். சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்த வண்டி திங்கட்கிழமை வரை ரோட்டோரம் நிற்கும். டிரைவர் குளிக்கவும் சாப்பிடவும் வழி இல்லாமல் வண்டியைக் காவல் காக்க வேண்டும். என் டிரைவர்களை அப்படி நிறுத்திய ஒரு பார்ட்டிக்கு, ரேட்டைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லியும் நான் இப்போது வண்டி விடுவதில்லை.

இரண்டாவது பேலன்ஸ், அதாவது அட்வான்ஸ் போக மீதி வாடகை. இறக்கிய சீட்டு கையெழுத்தோடு வந்து, அது உங்கள் கணக்குப் பிரிவுக்குப் போய், டிரான்ஸ்போர்ட்காரருக்குப் பணம் வந்து, அவர் எனக்குக் கொடுப்பதற்குள் இரண்டு டியூ கடந்துவிடும். டீசல் பங்கில் எனக்கு யாரும் அத்தனை நாள் கடன் தருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன் பாடி லாரியில் உயரமாக அடுக்கினால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலோ 20,000 ரூபாய் அபராதம். தார்ப்பாய்க்குள் காற்று புகுந்து கயிறு தளர்ந்தால் பின்னால் பைக்கில் வருகிறவன் உயிருக்கே ஆபத்து.

மாதவரம் புக்கிங் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் ரேட் கேள்விக்கு வருகிறேன். அந்த இரண்டு ரேட்டுமே உண்மைதான்.

குறைவாகச் சொன்ன அன்றைக்கு அந்த ஆபீஸில் ஆந்திரா வண்டி ஒன்று நின்றிருக்கும். செங்குன்றம் மண்டிகளுக்கு நெல்லூரிலிருந்து அரிசியும் நெல்லும் வருகிறது. இன்னும் மேலே இருந்து மிளகாய், பருப்பு என்று சென்னைக்கு வருகிற வண்டிகளும் நிறைய. இறக்கியவனுக்கு ஊர் திரும்ப வேண்டும். டீசலும் டோலும் வந்து மேலே ஏதாவது கிடைத்தால் போதும் என்று லோடு எடுப்பான். மறுநாள் அந்த மாதிரி வண்டி இல்லை. அப்போது இங்கத்திய வண்டியைத்தான் அனுப்ப வேண்டும். அவன் திரும்பி வருகிற செலவையும் உங்கள் தலையில் போட்டுத்தான் ரேட் சொல்வான். மார்க்கெட் ரேட் என்பது இன்று எந்த வண்டி எந்த ஊருக்குத் திரும்பக் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. அரிசி கொண்டுவருவது ஓப்பன் பாடி. உங்களுக்கு வேண்டியது மூடிய கன்டெய்னர். அந்த வண்டிகளை இழுப்பது ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம். கார் பாகம், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் கணக்கு முடிக்கும்போது வடசென்னையில் ஒரு கன்டெய்னர் பிடிப்பது பெரும்பாடு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு அங்கிருந்து இங்கே வண்டி வருவது சுலபம்தான். ஆனாலும் காலியாக 50, 60 கிலோமீட்டர் வருகிறவன் அதையும் வாடகையில் சேர்ப்பான். அதனால் உங்கள் பெரிய ஆர்டர்களை மாதத்தின் நடுவில் அனுப்பப் பாருங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிரைவர்கள் ஊருக்குப் போவார்கள். அந்த வாரங்களில் எந்த ரேட்டுக்கும் வண்டி வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் இங்கே என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மணலியில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது வருட ரேட்டா, மார்க்கெட்டா என்ற கேள்வி. பழைய டிரான்ஸ்போர்ட்காரரை விடாதீர்கள். மாதாமாதம் நிச்சயமாகப் போகிற லோடுகளை அவருக்கே கொடுங்கள். திடீரென்று வருகிற ஆர்டருக்கு மட்டும் எங்களைப் போன்ற ஆபீஸுக்கு வாருங்கள். புரோக்கராக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா லோடையும் மார்க்கெட்டில் போட்ட சின்னக் கம்பெனிகள் சீசனில் வண்டி இல்லாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட் வண்டிக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் இல்லை. நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அவன் வேறு லோடுக்குப் போவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது.

அவர் ஏற்றிக் கேட்கிற தொகையை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். டீசலை ரேட்டிலிருந்து பிரித்துப் பேசுங்கள். இன்றைய விலையை அடிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே செங்குன்றம் தம்பி போட்ட கணக்குப்படி டீசல் ஒரு ரூபாய் ஏறினால் ஒரு வழிக்கு 128 ரூபாய். ஏறினால் கூட்டிக் கொடுங்கள், இறங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். இது எழுத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ரேட் சண்டை வராது.

அதைவிடப் பெரிய விஷயம், வண்டிக்காரர் சொன்ன அந்தக் காத்திருப்பும் பேலன்ஸும். எங்கள் ஆபீஸில் ஒரு பார்ட்டி பெயரைச் சொன்னால் டிரைவர்கள் ரேட்டைக் கேட்பதற்கு முன்னால் "அங்கே எப்போது இறக்குவான்?" என்றுதான் கேட்கிறார்கள். சீக்கிரம் இறக்கி, சீட்டு வந்த வாரத்துக்குள் பேலன்ஸ் கொடுக்கிற பார்ட்டிக்கு நெருக்கடியான நாளிலும் வண்டி கிடைக்கும். ரேட்டும் தானாகக் குறையும். உங்கள் ஐதராபாத் பார்ட்டிகளிடம் இறக்கும் நேரத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் இங்கே ஏற்றுங்கள். வியாழக்கிழமை மாலை ஏற்றிய வண்டி சனிக்கிழமை மதியம் போய் மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தால், இரண்டு நாள் பொறுத்து அனுப்புங்கள்.

அந்த வாட்ஸ்அப் ஆளை விட்டுவிடுங்கள். ஆபீஸ் இல்லை, முகம் தெரியாது, பணம் மட்டும் அவன் கணக்குக்கு. இவன் உங்களிடம் ஒரு ரேட், வண்டிக்காரனிடம் வேறு ரேட் பேசி, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுவான். வண்டிக்காரன் பணம் வராமல் உங்கள் சரக்கை இறக்க மாட்டான். இந்த மாதிரி ஆட்களால் வருடக்கணக்காகப் பெயர் காத்துத் தொழில் செய்கிற நாங்களும் சந்தேகத்துக்கு ஆளாகிறோம், அதுதான் வயிற்றெரிச்சல். யார் மூலம் வண்டி வந்தாலும் கேட்டுக்குள் விடும்முன் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயரும் அட்வான்ஸ் போகிற கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். டிரைவர் லைசென்ஸை வண்டியோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். புரோக்கர் கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஒழுங்கானவன் சொல்லிவிடுவான்.

தண்டையார்பேட்டை கணக்கர் எழுதியது:

வரி, சட்டம் பக்கம் நான் சொல்கிறேன்.

எல்.ஆர். (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான லாரி ரசீது) போட்டுக் கொடுக்கிற டிரான்ஸ்போர்ட் நிறுவனம் என்றால் வழக்கமான முறையில் அவர் வரி போட மாட்டார், நீங்கள்தான் 5 சதவீதம் கட்ட வேண்டும். அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். அவரே வரி போடுவதாக இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டே வழி: 5 சதவீதம், அல்லது 18 சதவீதம். 18 போடுபவர் தன் செலவுகளுக்கான உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ள முடியும். முன்பு அது 12ஆக இருந்தது. ஆளுக்கு ஒன்று சொல்வது அதனால்தான். எல்.ஆர். இல்லாமல் லாரி உரிமையாளரே நேரடியாக ஓட்டினால் ஜி.எஸ்.டி. கிடையாது. புரோக்கர் கமிஷன் தனிச் சேவை, பதிவு பெற்றவர் என்றால் அதற்கு 18.

அதற்காக எல்.ஆர். வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். சரக்குக்கு யார் பொறுப்பு என்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, கூடுதல் மதிப்பை முன்பே அறிவித்து அதற்கான கட்டணம் செலுத்தாவிட்டால், இழப்பீடு வாடகையைப்போல் பத்து மடங்கைத் தாண்டாது. சேதத்துக்கு வழக்குப் போடுவதென்றால் சரக்கை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டுமாவது டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள்.

இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு, உங்கள் 640க்கு 4 நாள். ஐதராபாத் கேட்டில் வண்டி நின்றுகொண்டே இருந்தால் அதுவும் காலாவதியாகும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். வழியில் வண்டி மாறினால் வண்டி எண்ணையும் மாற்றுங்கள்.

பேலன்ஸைத் தள்ளிப்போடுவது உங்களுக்கே நஷ்டம். டிரான்ஸ்போர்ட்காரர் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். 2023–24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி மார்ச் கடைசியில் நிலுவையில் நிற்கிற தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது.

மணலி பேரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, பழையவரைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன். டீசலைப் பிரித்து எழுதிக்கொள்கிறேன், பேலன்ஸை 15 நாளாக்குகிறேன். ஹால்டிங், அதாவது வண்டி காத்திருந்தால் தர வேண்டிய தொகை, எப்படி எழுதுவது? எந்த நேரத்திலிருந்து கணக்கு?

மாதவரம் புக்கிங் எழுதியது:

கேட்டில் வண்டி வந்து நின்று டிரைவர் என்ட்ரி போட்ட நேரத்திலிருந்து. உள்ளே விட்ட நேரம் என்று எழுதினால் வெளியே நிற்கிற நேரம் யார் கணக்கிலும் வராது, அங்கேதான் தகராறு வரும். ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள் இலவசம், அதற்கு மேல் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தொகையை எழுதுங்கள். ஞாயிறும் சேருமா என்பதையும் எழுதுங்கள். ஐதராபாத் பார்ட்டியின் ஆர்டரிலும் இதே வரியைப் போட்டுவிட்டால், அவர்கள் நிறுத்திவைத்த நாளுக்கு உங்கள் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்காது. என்ட்ரி சீட்டை டிரைவர் அப்போதே போட்டோ எடுத்து அனுப்பட்டும்.