டிபிஓஏ விட்டும் வால் நீளவில்லை, ஏன்?

கேள்வி: எலியின் ஹிப்போகாம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) சீவல், அதில் சிஏ1 என்ற பகுதியின் நியூரான். குளூட்டமேட்டை (நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) செல்லுக்குள் இழுத்து அகற்றும் டிரான்ஸ்போர்ட்டர்களை அடைக்க 50 மைக்ரோமோலார் டிஎல்-டிபிஓஏ விட்டேன். ஒற்றைத் துடிப்பில் ஏஎம்பிஏ (ஒரு குளூட்டமேட் ஏற்பி) மின்னோட்டம், அதன் வால் (மெல்ல அடங்கும் கடைசிப் பகுதி) உட்பட, அப்படியே இருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா?

பதில் 1: மருந்தின் மேல் பழி போடாதீங்க. ஒரு துடிப்பில் கொட்டும் குளூட்டமேட் பரவியே கலைந்துவிடும். ஏஎம்பிஏவை அடைக்க என்பிகியூஎக்ஸ் 10 மைக்ரோமோலார் விட்டு, செல்லின் மின்னழுத்தத்தை +40 மில்லிவோல்ட்டில் பிடித்து, 100 ஹெர்ட்ஸில் 10 துடிப்பு கொடுத்து என்எம்டிஏ (இன்னொரு குளூட்டமேட் ஏற்பி) மின்னோட்டத்தின் வாலைப் பாருங்க. காபா (நியூரானை அடக்கும் வேதிப்பொருள்) ஏற்பியை அடைக்கும் பிக்ரோடாக்சினை மறந்தால் காபா மின்னோட்டமும் கலந்துவிடும்.

பதில் 2: குளியல் (சீவல் ஊறும் கரைசல்) 32 டிகிரியா? அறை வெப்பத்தில் டிரான்ஸ்போர்ட்டர் ஏற்கெனவே மந்தம். அடைத்தாலும் வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும்.

பதில் 3: டிபிஓஏ ஆஸ்ட்ரோசைட்டின் (நியூரானுக்குத் துணை செய்யும் செல்) இஏஏடி2, நியூரானின் இஏஏடி3 என்ற இரண்டு டிரான்ஸ்போர்ட்டர்களையும் அடைக்கும். இஏஏடி2 மட்டும் அடைய வேண்டும் என்றால் டைஹைட்ரோகைனேட் விடுங்க. இஏஏடி3 சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தையும் உள்ளே இழுப்பதால், இஏஏடி3 இல்லாத எலியின் நடத்தை மாற்றத்தைக் குளூட்டமேட் கணக்கில் மட்டும் எழுத முடியாது.