கீழடிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன், என்ன விளையாட்டு வைக்கலாம்?

வைகைக்கரை டீச்சர்
வணக்கம். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் 42 பிள்ளைகளோடு கீழடி அருங்காட்சியகம் போகிறோம். போன வருடம் வேறொரு அருங்காட்சியகத்துக்குப் போனபோது 25 கேள்விகளோடு ஒரு தாள் கொடுத்து, முதலில் முடிக்கிற குழுவுக்குப் பரிசு என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொருளைப் பார்க்கவே இல்லை, கீழே இருந்த அட்டையில் ஆண்டைத் தேடி எழுதிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள், முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது பேருந்தில் எது பிடித்தது என்று கேட்டால் ஒரே ஒருத்தி மட்டும் ஒரு பானையைப் பற்றி நிறையச் சொன்னாள். பேனா எழுதாமல் போனதால் அந்தப் பானை முன்னாலேயே நின்றுகொண்டிருந்த பெண் அவள்.

விளையாட்டே வேண்டாம் என்று விடவும் மனசு வரவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அவர்களிடம் இருந்த உற்சாகம் உண்மையானது. பாதிப் பிள்ளைகளிடம் கைப்பேசி கிடையாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டாஞ்சில்லு
டீச்சர், சில வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் பள்ளிக் குழுக்களுக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அட்டையைப் படித்தாலே விடை கிடைக்கிற கேள்வி எதையும் வைக்காதீர்கள். பொருளையே பார்த்தால்தான் ஆட முடியும் என்று இருக்க வேண்டும். நான் அதிகம் வைத்தது ஒரு சாதாரண ஆட்டம்: இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் பெட்டியைப் பார்த்து நிற்க வேண்டும், இன்னொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தாளில் வரைய வேண்டும். பார்க்கிறவர் பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது, வடிவத்தை மட்டும் சொல்லலாம். "வாய் அகலமா, கழுத்து இருக்கா, விளிம்பு வெளியே மடிஞ்சிருக்கா" என்று வரைகிறவன் கேட்கக் கேட்க, சொல்கிறவன் இன்னும் உற்றுப் பார்ப்பான். கருப்பு சிவப்புப் பானையில் கருப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று அப்படித்தான் ஒரு பையன் கண்டுபிடித்தான். ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் போகும், இரண்டு மணி நேரத்தில் ஆறு பொருள் பார்த்தால் போதும். முதலில் முடித்தவருக்குப் பரிசு என்பதை அடியோடு எடுத்துவிடுங்கள்.

அப்புறம், எழுத்துப் பொறித்த ஓடுகளை விடாதீர்கள். தமிழை அந்தக் காலத்தில் எழுதின தமிழ் பிராமி எழுத்துகளின் அட்டவணை ஒன்றை நகல் எடுத்துக் கொடுங்கள். ஓட்டில் இருக்கிற 'ஆதன்' என்ற பெயர் மூன்றே எழுத்து. பெட்டிக்குக் கீழே அட்டையில் இருக்கிற விளக்கத்தை நீங்கள் கையால் மறைத்துக்கொண்டு அவர்களையே கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

சாங்கி அம்மா
நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். இங்கே தேசிய அருங்காட்சியகத்தில் 2016 முதல் ஒரு பெரிய வட்டக் கூடத்துச் சுவர் முழுக்கக் காடும் விலங்கும் அசைகிற மாதிரி ஒரு காட்சி வைத்தார்கள், செயலியில் அந்த விலங்கைப் படம்பிடித்தால் அது எங்கே வாழும், என்ன சாப்பிடும் என்று வரும். ஃபார்குவார் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 200 வருடத்துக்கு முன்னால் சீன ஓவியர்களை வைத்து வரையச் செய்த 477 ஓவியங்களில் 69-ஐ எடுத்துச் செய்தது அது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அங்கே பிடித்த பறவையை, பிறகு அசல் ஓவியம் இருந்த கூடத்தில் அவளாகத் தேடிப்போய் நின்றாள். அதனால் கைப்பேசி என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குச் செலவும் ஆட்களும் வேண்டும், 42 பேரோடு போகிற ஒரு டீச்சர் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

பழைய மாணவன்
எனக்கு உடன்பாடில்லை. 2,500 வருடத்துக்கு முந்தைய பொருள்கள் முன்னால் பிள்ளைகள் அமைதியாக நிற்கவும் பழக வேண்டும். எல்லாவற்றையும் விளையாட்டாக்கினால் விளையாட்டு இல்லாத இடத்தில் அவர்களுக்கு எதுவும் பிடிக்காமல் போகும்.

ஓட்டாஞ்சில்லு
@பழைய மாணவன் நீங்கள் கேட்கிற அமைதி அந்த வரைகிற ஆட்டத்தில் தானாக வரும், அங்கே சத்தம் போட்டால் ஜோடி சொல்வது காதில் விழாது. ஆனால் கீழடியைப் பொறுத்தவரை விளையாட்டை நாம் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, அங்கே கிடைத்ததே விளையாட்டுப் பொருள்தான். ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை, உடைந்த பானையை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் நூற்றுக்கணக்கில். பாண்டி ஆடின சில்லு என்று சொல்கிறார்கள், வேறு வேலைக்கும் பயன்பட்டிருக்கலாம். எதற்கெல்லாம் ஆகும் என்று பிள்ளைகளையே வாதாட விடலாமே.

இருபது கட்டம்
அதைத்தான் சொல்ல வந்தேன். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்றைய ஈராக்கில் 'ஊர்' (Ur) என்ற பழைய நகரத்துக் கல்லறையில் எடுத்த ஆட்டப் பலகை இருக்கிறது, ஏறத்தாழ 4,500 வருடப் பழமை, 20 கட்டம். அதை எப்படி ஆடுவது என்று நெடுங்காலம் தெரியாமல் இருந்து, பொ.ஆ.மு. 177-ல் பாபிலோனில் எழுதின களிமண் பலகை ஒன்றை அந்த அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கல் படித்த பிறகுதான் விதி கிடைத்தது. அட்டையில் கட்டம் போட்டு என் தம்பி பிள்ளைகளோடு ஆடினேன், இரண்டாவது ஆட்டத்திலேயே "இதைச் செஞ்சவங்க பகடைக்கு என்ன வெச்சிருந்தாங்க?" என்று கேட்டார்கள். ஆடிப் பார்த்தவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்பான்.

டீச்சர், போகிறதுக்கு முந்தின வாரம் பள்ளியிலேயே உடைந்த பானை ஓட்டைக் கல்லில் தேய்த்து ஆளுக்கு ஒரு சில்லு செய்யச் சொல்லுங்கள். வட்டம் வருவதற்குள் கை வலிக்கும். அந்தக் கையோடு கீழடிச் சில்லைப் பார்க்கட்டும்.

வைகைக்கரை டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. சில்லு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். மானாமதுரையில் மண்பாண்டம் செய்கிற ஒரு குடும்பத்தைத் தெரியும், சூளையில் உடைந்ததை ஒரு சாக்கு கேட்டிருக்கிறேன். தாளில் 25 கேள்விக்குப் பதிலாக ஒரே கேள்விதான்: நீ செய்த சில்லுக்கும் அவர்கள் செய்ததற்கும் விளிம்பில் என்ன வித்தியாசம்? பக்கத்தில் வரைய இடம் விட்டிருக்கிறேன். @ஓட்டாஞ்சில்லு, தமிழ் பிராமி எழுத்து அட்டவணை நகல் உங்களிடம் இருந்தால் இங்கேயே போடுங்கள், பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது, கடைசி வரிசையில் நிற்கிற குட்டைப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.