காஞ்சனபுரி கோயிலில் மூன்று ஊதுபத்தி

எங்கள் வீட்டில் தாத்தாவின் அண்ணனுக்குப் பெயரே கிடையாது. 'சயாமுக்கு (தாய்லாந்துக்கு) போனவர்' என்றுதான் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்தில், சயாம்-பர்மா ரயில்பாதை போட மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டி மலாயாவின் பேராக் தோட்டத்திலிருந்து ரயிலேற்றினார்களாம். திரும்பவில்லை. போன வருடம் பேங்காக் போனபோது ஒரு நாளை ஒதுக்கிக் காஞ்சனபுரிக்கு வேன் பிடித்தேன்.

அந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரே செல்ஃபி கூட்டம். எனக்கு அங்கே ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம், பாதை போடும் வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறை. 6,982 பேர். தலைமாடு தோறும் வெண்கலப் பலகையில் பெயர், படைப்பிரிவு, வயது. பாதிப் பேருக்கு இருபதுகூடச் சரியாகத் தாண்டியிருக்காது போல. பார்க்க மனசு கனத்தது, பொய் சொல்லக்கூடாது.

அதன் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம். வியட்நாமியர் வழி வந்த மகாயானக் கோயில் என்பதால் கூரையெல்லாம் டிராகன். சீனக் கோயிலென்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினேன். பிக்கு ஒருவரிடம் போனில் ஸ்தூபியின் படத்தைக் காட்டியதும் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒரு ஸ்தூபி. ரயில்பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்துக் கட்டியது. பெயரும் இல்லை, வயதும் இல்லை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று கூலிக்குப் போனவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 'வரை', 'இருக்கலாம்'. கைதிகளுக்குப் பட்டியல் போட அவர்களுடைய அதிகாரிகளே கூட இருந்தார்கள். காலராவில் சுருண்டு விழுந்த தோட்டத்து ஆட்களுக்கு யார் இருந்தது? தமிழர்களுக்கென்று இந்தக் கோயிலில் நடுகல் வைத்ததே 2023 மே மாதம்தான்.

கையில் சூடம் வைத்திருந்தேன், கொளுத்தலாமா என்று தயக்கம். பிக்கு என் நெற்றித் திருநீற்றைக் காட்டினார், ஸ்தூபியைக் காட்டினார், தலையாட்டினார். மூன்று ஊதுபத்தியையும் கையில் கொடுத்தார். கும்பிடப் பெயர் வேண்டுமே என்று அங்கிருந்தே அத்தைக்கு போன் போட்டேன். "முத்தையாவோ முனியாண்டியோ, அப்பா சொன்னதே இல்லடா" என்றார். சரி என்று 'பெரிய தாத்தா' என்று கூப்பிட்டுக் கும்பிட்டேன்.

*

(மேலே உள்ளதைப் படித்த இன்னொருவர் எழுதியது) நானும் காஞ்சனபுரி போயிருக்கிறேன், ஆனால் இந்தக் கோயிலைத் தவறவிட்டுவிட்டேன். நான் பார்த்தது ஆற்றங்கரையில் உள்ள வாட் சாய்சும்போன். கைதிகள் கிடந்த மூங்கில் குடிசை மாதிரியே 1977இல் கோயில் வளாகத்தில் கட்டிய அருங்காட்சியகம். பெயர் 'ஜீத்' (JEATH). ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். கூட வந்த என் மகன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்ம எழுத்து எங்கப்பா?" என்றான்.