உதவி: காலையில் வண்டி முன்பக்கம் படுத்துக் கிடக்கிறது, கம்ப்ரஸர் மாற்றச் சொல்கிறார்கள்

கோவைக்காரன்82
அவசரம் நண்பர்களே. ராத்திரி நிறுத்தும்போது நன்றாக நிற்கும் வண்டி, காலையில் பார்த்தால் முன்பக்கம் தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டால் எழுந்துகொள்ளும், ஆனால் இன்று எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது, மீட்டரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வேறு. பக்கத்து மெக்கானிக் பார்த்துவிட்டு ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் போய்விட்டது, 70 ஆயிரம் ஆகும் என்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு குருவாயூர் கிளம்ப வேண்டும். மாற்றிவிடலாமா?

டீசல்பிரியன்
எந்த வண்டி நண்பரே? எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர்? அதைச் சொல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

ஸ்பேனர்_மதுரை
அதோடு இன்னும் சில: இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறதா, ஒரு பக்கம் அதிகமா? எச்சரிக்கையில் என்ன எழுதியிருந்தது? மெக்கானிக் கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டாரா, சத்தத்தை வைத்தே சொன்னாரா?

வோல்ட்மீட்டர்
எனக்குத் தெரிந்தவரை இது பேட்டரி. இந்த வண்டிகளில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே எல்லா எச்சரிக்கையும் வரும். டிக்கியில் இருக்கும் பெரிய பேட்டரி எத்தனை வருடப் பழசு என்று முதலில் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறு எதையும் தொடவே வேண்டாம்.

கோவைக்காரன்82
மன்னிக்கவும், மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். 2011. டீசல். ஸ்கேன் எல்லாம் போடவில்லை.

நட்சத்திரம்221
2011 டீசல் என்றால் எஸ் 350 சிடிஐ, டபிள்யூ 221 என்ற தலைமுறை. தம்பி, புதிதாக வந்தபோது கோடியை நெருங்கிய வண்டி இன்று ஒரு சாதாரண காரின் விலைக்குக் கிடைக்கலாம், ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. வாங்கும் முன் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். நாலு சக்கரத்திலும் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. காற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் பெல்லோஸ் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மடிப்பில் வெடிப்பது இயல்பு, எந்தக் கம்பெனி வண்டியானாலும். அந்த பெல்லோஸ் இருக்கும் ஸ்ட்ரட், அதாவது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் தூண், கசிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்பேனர்_மதுரை
அண்ணா, ஸ்ட்ரட்டாக இருக்கலாம், ஆனால் சோதிக்காமல் அதையும் முடிவாகச் சொல்ல வேண்டாம். காற்று வெளியேற மூன்று இடம் உண்டு: பெல்லோஸ், ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் நட், நாலு சக்கரத்துக்கும் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் வால்வு பிளாக். வண்டி நிறுத்தியிருக்கும்போது கம்ப்ரஸருக்கு வேலையே இல்லை, வால்வுகள் மூடிக்கிடக்கும். ராத்திரியில் வண்டி இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கம்ப்ரஸர் பலவீனமாக இருந்தால் மறுநாள் தூக்கத்தான் தாமதமாகும். இவருக்கு இரண்டும் நடக்கிறது, அதனால் கசிவு முதலில் வந்து, அதைச் சமாளிக்க ஓடி ஓடி கம்ப்ரஸர் களைத்திருக்கலாம். இப்போது புதுக் கம்ப்ரஸர் மட்டும் போட்டால் அதுவும் அதே பாடுதான் படும்.

கோவை நண்பர் இன்று ராத்திரி செய்ய வேண்டியது: சமதளத்தில் நிறுத்தி, ஏர் சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள், அப்போதுதான் வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்யாது. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் அந்த ஸ்ட்ரட் அல்லது அதன் குழாய். அப்புறம் ஃப்யூஸைப் போட்டு, வண்டியை முழு உயரத்துக்கு எழுப்பி, ஸ்ட்ரட் தலையிலும் வால்வு பிளாக்கிலும் சோப்புத் தண்ணி அடியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. அடியில் படுத்துப் பார்ப்பதானால் ஸ்டாண்டு வைக்காமல் தலையை நுழைக்கவே கூடாது, காற்று போனால் வண்டி மொத்தமும் மேலே உட்காரும்.

சுருள்வில்
இதற்கெல்லாம் ஒரே தீர்வு, காயில் ஸ்பிரிங் மாற்று கிட். நாலு ஸ்ட்ரட்டையும் கழற்றி இரும்புச் சுருளைப் போட்டுவிட்டால் கசிவும் இல்லை, கம்ப்ரஸரும் வேண்டாம். நம் ஊர் வேகத்தடைக்கு அதுதான் சரி.

டீசல்பிரியன்
எஸ் கிளாஸில் அந்தச் சுகத்துக்காகத்தானே உட்காருகிறோம்! வேகத்தடை வந்தால் பட்டனை அழுத்தி வண்டியைத் தூக்கிக்கொள்ளும் வசதியும் போய்விடும். எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனியாக ஒரு பெட்டி வேறு வைக்க வேண்டும். நாளைக்கு விற்கும்போது கேட்க ஆள் இருக்காது.

சுருள்வில்
விற்கும்போது யோசித்துக்கொள்ளலாம், ரோட்டில் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வோல்ட்மீட்டர்
பேட்டரியை யாரும் கேட்கவே இல்லையே. வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸரை ஓட விடாது, சரிதானே?

ஸ்பேனர்_மதுரை
சரிதான், ஆனால் பேட்டரி போனதால் காற்று வெளியேறாது. அதையும் அளக்கட்டும், அதுவே காரணம் என்று நிற்க வேண்டாம்.

கோவைக்காரன்82
1,62,000 கிமீ. இடது முன்பக்கம்தான் ரொம்ப இறங்குகிறது, வலது கொஞ்சம். எச்சரிக்கை 'ஸ்டாப், கார் டூ லோ'. வண்டி டெல்லி நம்பர், என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தரும் தடையில்லாச் சான்று) கையில் இருக்கிறது.

நட்சத்திரம்221
நினைத்தேன். டெல்லி வண்டி! 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதிலிருந்து அங்கே விலை போகாத பெரிய டீசல் வண்டிகள் எல்லாம் தெற்கே இறங்குகின்றன. மலிவு என்று மயங்கி வாங்குகிறார்கள், சர்வீஸ் ரசீது ஒன்றுகூட இருக்காது.

வேளச்சேரி_வாசி
டெல்லி வண்டியை மட்டம் தட்டாதீர்கள். அங்கிருந்து நான் வாங்கிய வண்டியில் எல்லா ரசீதும் இருந்தது, அடியில் துரு கிடையாது. பயப்பட வேண்டியது நம் சென்னை வண்டிக்குத்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் நீரில் நின்றவை எத்தனை! கார்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கவே கூடாது, கால் வைக்கும் இடத்தில் வயரிங் பின்களில் பச்சை பூத்திருக்கும்.

நட்சத்திரம்221
நீரில் நின்றது பார்த்தாலே தெரியும். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைத்த மீட்டர் தெரியாது.

வேளச்சேரி_வாசி
அதுவும் தெரியும். முழு ஸ்கேன் போட்டால் பல பழைய பிழைகள் எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவானது என்று வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகளிலேயே இருக்கும். மீட்டரில் 90 ஆயிரம், பிழை பதிவானது ஒன்றே முக்கால் லட்சத்தில் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். எந்த ஊர் நம்பர் என்பதைவிட இது முக்கியம் சார். நல்லபடியாக வைத்திருந்த டெல்லிக்காரரும் உண்டு, எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய கோயம்புத்தூர்க்காரரும் உண்டு.

டீசல்பிரியன்
என்ஓசி கையில் வைத்துக்கொண்டு டெல்லி நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவு கட்டாயம், சாலை வரியும் கட்ட வேண்டும். 2011 வண்டிக்கு 15 வருடப் பதிவுக் காலக் கணக்கும் வருகிறது, ஆர்சியில் தேதியைப் பாருங்கள், ஃபிட்னஸ் எடுத்துப் புதுப்பிக்காமல் விட்டால் அதில் வேறு சிக்கல்.

ஸ்பேனர்_மதுரை
எல்லாம் சரி, வெள்ளிக்கிழமை வருகிறது. கோவை நண்பரே, அந்தச் சிவப்பு எழுத்து இருக்கும்போது ஓட்டாதீர்கள். காற்றில்லாமல் ஓட்டினால் பெல்லோஸ் மடிப்பில் நசுங்கிக் கிழியும், டயர் மட்கார்டில் உரசும். எழவே இல்லை என்றால் மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள், கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். கம்ப்ரஸர் மாற்ற நேர்ந்தாலும் ரிலேவையும் (கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும், சின்னச் சாமான் அது. இன்னொன்று, வண்டியைத் தூக்கும்போது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். இந்த வி6 டீசலில் சிலிண்டர்களின் நடுப்பள்ளத்தில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கும், அதன் சீல் கசிந்தால் எண்ணெய் பின்னால் வழிந்து அங்கே சொட்டும். இன்ஜின் பின்பக்கத்து கிராங்க் சீல்தான் கசிகிறது என்று நினைத்து கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள்.

நட்சத்திரம்221
கியர் ஆயிலும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஏழு கியர் பெட்டிக்கு 60 ஆயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

கோவைக்காரன்82
அளந்தேன். இடது முன் 4 செ.மீ. இறங்கியது, மற்ற மூன்றும் அப்படியே. சோப்புத் தண்ணியில் நட், வால்வு பிளாக் சுத்தம், பெல்லோஸ் மடிப்பில்தான் குமிழி. ஸ்ட்ரட் சொல்லியாச்சு, ரிலேயும். கம்ப்ரஸர் இப்போதைக்கு மாற்றவில்லை. குருவாயூருக்கு மச்சான் வண்டி. எல்லோருக்கும் நன்றி.

வோல்ட்மீட்டர்
பேட்டரி எவ்வளவு காட்டியது?

நட்சத்திரம்221
ஒரு பக்கம் மட்டுமா சொன்னீர்கள்? இரண்டும் ஒரே வயது. முன்பக்கம் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பேனர்_மதுரை
வலது சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் இப்போதே மாற்ற வேண்டிய அவசியமில்லை அண்ணா, மாதம் ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். ஆனால் அவர் முதலில் வலதும் கொஞ்சம் இறங்குகிறது என்று சொன்னாரே, ஃப்யூஸைக் கழற்றிய பிறகுதான் அளந்தீர்களா நண்பரே?

டபிள்யூ221_சேலம்
எனக்கும் அதே வண்டி, அதே இடது முன்பக்கம். ஸ்ட்ரட் ஒரிஜினலா, வெளிக் கம்பெனியா, எங்கே வாங்கினீர்கள்? தனிச்செய்தியில் சொன்னாலும் போதும்.