அண்ணோய்!

புலி:
முதுகுப்பையை மாட்டிக்கிட்டு நானும் என் வீட்டுக்காரரும் வியட்நாம் சுத்தினோம். ஹா லாங் விரிகுடா படமெல்லாம் எல்லாரும் போட்டாச்சு, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது ரயில்ல நடந்தது.

ஹனோய்லேர்ந்து ஹுவேக்கு ராத்திரி வண்டி, 688 கிலோமீட்டர். நாலு படுக்கை இருக்கிற அறை. எதிர்ல அறுபது தாண்டின ஒரு அம்மா, கூட காலேஜ் படிக்கிற பேத்தி. வண்டி நகர்ந்து அஞ்சு நிமிஷம் ஆகல, பம்ப்ளிமாஸ் உரிச்சு, மிளகாய் உப்பு தொட்டு எங்க கையில திணிச்சாங்க. அடுத்தது, "எந்த வருஷம் பொறந்தே?" பேரு கூடக் கேக்கல.

எனக்குச் சுருக்னு இருந்துச்சு. பேத்திதான் போன்ல மொழிபெயர்த்துக் காட்டினா. வயசு தெரியாம அவங்க பாஷையில ஒழுங்கா 'நீ'ன்னு கூடச் சொல்ல முடியாதாம். மூத்த ஆம்பளைன்னா 'ஆன்', மூத்த பொம்பளைன்னா 'சி', சின்னவங்கன்னா 'எம்'. சித்தப்பா, அத்தை வயசுக்காரங்களுக்கு வேற வேற. கடைக்காரரைக் கூப்பிடணும்னா பின்னாடி ஒரு 'ஓய்' சேத்துக்கணும். "ஆன் ஓய்!" நம்மூர் 'அண்ணோய்' அப்படியே!

நான் 1986, அவர் 1987. அந்தம்மா விரல் விட்டு எண்ணிட்டு, பேத்திகிட்ட என்னமோ சொல்லி வாயைப் பொத்திக்கிட்டாங்க. அங்க ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம், 86 புலி வருஷமாம். புலி வருஷத்துப் பொண்ணு புருஷனை அடக்கிடுவான்னு பொண்ணெடுக்க யோசிப்பாங்களாம். நான் மூல நட்சத்திரம்ங்க. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பின வீடு மட்டும் நாலு. அங்க மூலம்னா இங்க புலி! சரி, அவர் என்ன வருஷம்? பூனை. சீனாக்காரங்களுக்கு அது முயல், வியட்நாம்லதான் பூனை. அதுக்கப்புறம் அந்த அறையில யாரும் தூங்கல.

இன்னொண்ணும் சொல்லிக்குடுத்தாங்க. பெண்டாட்டி ஒரு வயசு மூத்தவளா இருந்தாலும் புருஷனை 'ஆன்'னுதான் கூப்பிடுவாங்களாம், அவர் இவளை 'எம்'னு. அதாவது, கட்டினவரை அண்ணன்னு! சொன்னாத்தான் ஆச்சுன்னு அந்தம்மா ஒரே பிடிவாதம். எங்க பாட்டி கேட்டிருந்தா காதைப் பொத்தியிருப்பாங்க. சொல்லிட்டேன். மேல் படுக்கையிலேர்ந்து பதில் வந்துச்சு: "என்ன தங்கச்சி?"

தயிர்சாதம்:
நாங்களும் போயிருந்தோம், நானும் என் மனைவியும். நாங்க சைவம். 'சாய்'ங்கிற ஒரே சொல்லை வெச்சு வியட்நாம்ல மூணு வாரம் ஓட்டினோம். டீ இல்ல, சைவம்னு அர்த்தம். வெறும் காய்னு கேட்டு வாங்கினா மீன் சாறு ஊத்தித்தான் வரும், அவங்களுக்கு அது உப்பு மாதிரி.

டா நாங்ல வழக்கமா ஈ ஓட்டிக்கிட்டிருக்கிற சாய் கடையில ஒருநாள் உக்கார எடமில்ல. என்னடான்னு பாத்தா அன்னிக்குப் பௌர்ணமி. அவங்க மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் நிறையப் பேர் கவுச்சி தொடமாட்டாங்களாம். எங்கம்மா அமாவாசைக்கு வெங்காயம் ஒதுக்குறது ஞாபகம் வந்துச்சு. தட்டுல வந்தது சோயா இறால். முதுகுல செவப்புக் கோடெல்லாம் போட்டு, அசல் இறாலேதான். என் மனைவி திருப்பித் திருப்பி மோந்து பாத்தா. கடைசி வரைக்கும் வாயில வைக்கல. ரெண்டு தட்டும் நான்தான்.

பூனை:
தங்கச்சி ஒண்ணை மறைச்சுட்டா. திருப்பி அனுப்பின நாலு வீட்டுல ஒண்ணு எங்க வீடு. எங்கம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு.