ஹோல்டன்–மாஸ் மாடலில் காற்று திசை மாறவே மாட்டேங்குது

முகிலன்:
அடுக்குமண்டலத் திடீர் வெப்பமேற்றத்தை (குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே அடுக்குமண்டலம் சட்டென்று சூடாவது) 1976 ஹோல்டன்–மாஸ் மாடலை, அதாவது அலையும் மேற்குக் காற்றும் ஒன்றையொன்று பாதிப்பதைக் காட்டும் எளிய கணித மாடலை வைத்து பைத்தானில் ஓட்டுகிறேன். 60 டிகிரி வடக்கு, அலை எண் 2 (பூமியைச் சுற்றி இரண்டு மேடு, இரண்டு பள்ளம்), மாடலின் கீழ் எல்லையில் 40 மீட்டர் அலை. கொஞ்சம் ஆடிவிட்டு மேற்குக் காற்று அப்படியே நிலைத்துவிடுகிறது. 2018 பிப்ரவரியில் நடந்த மாதிரி கிழக்குக் காற்றாக மாறக் காணோம். கோடில் பிழையா?

ஃபோர்ட்ரான் கிழவன்:
கோடு மேல பழி போடாதீங்க தம்பி. அலை சின்னதா இருந்தா அந்த மாடல் ஒரே நிலையில் போய் உட்காரும். வரம்பைத் தாண்டினாத்தான் ஊசலாடும். அலை உயரத்தைப் படிப்படியா ஏத்துங்க; குளிர்ச்சி விகிதத்தைத் தொடாதீங்க, அதுவும் வரம்பை நகர்த்தும்.

ஜப்பான் வானிலை அறிஞர் மட்சுனோ 1971-லயே சொன்ன கதைதான்: மேலே போகப் போக காற்றடர்த்தி குறையும், அலை பெருக்கும், மேற்குக் காற்றுக்கு பிரேக் போடும். துருவத்துக் காற்று கீழே இறங்கி அமுங்கிச் சூடாகும். சில நாளில் பல பத்து டிகிரி ஏறிடும். கிழக்குக் காற்று வந்துட்டா இடம் நகராத அலைக்கு மேலே வழி அடைப்பு.

வானிலைப்பிரியை:
மாடலின் உச்சி எத்தனை கிலோமீட்டர்? காற்று திரும்பியதா என்று வழக்கமாகப் பார்க்கும் 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டமே சுமார் 30 கி.மீ. அதுக்குக் கொஞ்சம் மேலேயே மூடிவிட்டால் அலை மோதித் திரும்பி வரும்.

முகிலன்:
உச்சி 80. அலையை ஏற்றினேன், இப்போது காற்று திரும்புகிறது! ஆனால் மீண்டும் மீண்டும் கடிகாரம் மாதிரி வருகிறதே?

ஃபோர்ட்ரான் கிழவன்:
உங்க அலை மாறாம நிக்குது, குளிர்காலமும் முடியறதில்ல. பின்ன வேற எப்படி வரும்?