தோத்த ராத்திரியே ஜெர்சியைக் கழற்றுறவங்க, கழற்றாதவங்க

கேள்வி (தூத்தூர்):
உலகக்கோப்பை வந்தா நம்ம கடற்கரை முழுக்க பிரேசில், அர்ஜென்டினா பிளெக்ஸ்தான். தோத்ததும் சிலர் கொடியை இறக்கிடுதாங்க, சிலர் அசையவே மாட்டாங்க. ஏன்? கிளப்ல திரை கட்டும்போது சண்டை வராம இருக்க என்ன செய்யணும்?

பதில் 1 (குளச்சல்):
1976ல உளவியலாளர் சியால்டினி குழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல இதைத்தான் பாத்தாங்க. அணி ஜெயிச்சா, திங்கட்கிழமை கல்லூரிப் பேர் போட்ட சட்டை கூடுதலாத் தெரியும். ஜெயிச்சா ‘நாம’, தோத்தா ‘அவங்க’. அடுத்தவன் பெருமையில பங்கு கேக்குற மனசு அது.

பதில் 2 (நாகர்கோவில்):
அது பாதிதான் மக்கா. அணியைத் தன் அடையாளமாவே ஆக்கினவனால விலக முடியாது. அந்தப் பிடிப்பை அளக்க 1993ல வான், பிரான்ஸ்கோம்ப்னு ரெண்டு உளவியலாளர்கள் 7 கேள்வி வச்சாங்க, ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண். அதுல ஒண்ணு: நண்பர்கள் உங்களை அந்த அணி ரசிகராப் பாக்காங்களா? ஊரே பாக்கும்போது எப்படிக் கொடியை இறக்குவான்? சிஎஸ்கே 2016, 2017ல ஆடவே இல்ல. 2018ல ஆட்டம் புனேக்கு மாறினப்பவும் சென்னையிலிருந்து ரயில் பிடிச்சுப் போனாங்க.

பதில் 3 (இனயம்):
சண்டை விஷயம். பிரேசில் இத்தாலியை ஜெயிச்ச 1994 உலகக்கோப்பை இறுதியாட்டம் பாத்த ரசிகர்களோட உமிழ்நீரைச் சோதிச்சாங்க. பிரேசில் பக்கம் டெஸ்டோஸ்டிரோன் (போட்டி வேகத்தோட தொடர்புள்ள ஹார்மோன்) ஏறிச்சு, இத்தாலி பக்கம் இறங்கிச்சு. அதனால ஜெயிச்ச கூட்டத்தைத்தான் முதல்ல பிடிச்சு நிறுத்தணும். தோத்தவங்க வெளியே போன பிறகுதான் வெடியும் சிங்காரி மேளமும். வாசல் ரெண்டு வேணும், ஒரே வாசல்னா உரசல் அங்கதான் தொடங்கும். வாசல்ல நிக்குற பசங்க உள்ளூர் டீம்ல சேர்ந்து ஆடுறவங்களா, ரெண்டு பக்கமும் கலந்து இருக்கட்டும்.